சூளையை மாற்றினார்கள், இடுப்பு உடைந்தது: செயற்கை மூட்டின் இரண்டாவது ஆபரேஷன் கதை

(ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

விருத்தாசலம்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு ரயில்வே ஜங்ஷன்தான் ஞாபகம் வரும். அங்கேயே வளர்ந்த எனக்கு ஞாபகம் வருவது பீங்கான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது கூடவே வெள்ளைக் களிமண்ணும் வருகிறது. அந்த மண்ணை நம்பி எங்க ஊரில் ஒரு பீங்கான் தொழிற்பேட்டை இருக்கு, செராமிக் டிப்ளமோ படிக்கவும் இடம் இருக்கு. ஃப்யூஸ் கட்டை, இன்சுலேட்டர், சாமி பொம்மை, அகல் விளக்கு. என் பெரியம்மா அங்கே ஒரு பொம்மை கம்பெனியில் இருபது வருஷம் பெயின்ட் அடிச்சவங்க.

பெரியம்மாவுக்குப் பதினோரு வருஷத்துக்கு முன்னாடி சென்னையில் இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. நல்லாத்தான் இருந்தாங்க. இந்த வருஷம் ஆரம்பத்திலிருந்து, நாற்காலியை விட்டு எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது தொடை இடுக்கில் சுரீர்னு ஒரு வலி. நடக்க நடக்கக் குறையுது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், கிண்ணம் லூஸ் ஆகிடுச்சு, ரிவிஷன் சர்ஜரி பண்ணணும்னு சொன்னார். அடுத்ததா ஒரு கேள்வி கேட்டார்: "உள்ளே இருக்கிறது என்ன கம்பெனி, என்ன மாடல்?"

எங்க யாருக்கும் தெரியலை. டிஸ்சார்ஜ் சம்மரியை லேமினேட் பண்ணி பீரோவில் வெச்சிருந்தோம். அதில் "வலது இடுப்பு மூட்டு மாற்று, முழுமையாக" என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

அந்தக் கேள்விதான் என்னை இந்த எபிசோடுக்குள் தள்ளியது. மூட்டு மாற்று வரலாறு என்று தேடினால் எல்லோரும் முதல் ஆபரேஷனைப் பற்றித்தான் எழுதியிருக்காங்க: யார் முதலில் செய்தார், எந்த ஊரில், எந்த வருஷம். எனக்கு இரண்டாவது ஆபரேஷனின் வரலாறு வேண்டியிருந்தது. வெச்சது எப்போ, ஏன் தோத்துச்சு, தோத்ததை யார் எண்ணினாங்க?

யானைத் தந்தத்திலிருந்து தறிப் பல்சக்கரம் வரை

இடுப்பு மூட்டு ஒரு பந்துக்கிண்ண மூட்டு. எட்டாம் வகுப்பிலேயே படிச்சிருப்போம். தொடை எலும்பின் தலை ஒரு பந்து, இடுப்பெலும்பில் அதற்கான ஒரு குழி. இரண்டுக்கும் நடுவே இருக்கிற குருத்தெலும்பு தேய்ந்து போனால் எலும்பும் எலும்பும் உரசும். அப்போ பந்தையும் கிண்ணத்தையும் மாற்றிவிடலாம் என்பதுதான் யோசனை. கேட்க ரொம்ப சிம்பிள்.

1890-91 வாக்கில் பெர்லினில் தெமிஸ்டோக்கிளெஸ் குளுக் என்ற மருத்துவர் யானைத் தந்தத்தில் மூட்டுகள் செய்து வைத்துப் பார்த்தார். காசநோய் பிடித்து அழிந்துபோன மூட்டுகளில்தான் அவர் வைத்தார். அதனால் சீழ் பிடித்து, வைத்ததையே திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. ஆக, செயற்கை மூட்டு பிறந்த கையோடு இரண்டாவது ஆபரேஷனும் பிறந்துவிட்டது. ஒரு துணைக்கதை: தந்தம் அதோடு முடிந்துபோகவில்லை. 1960-இல் பர்மாவில் மாண்டலே நகரத்து மருத்துவர் சான் பா, இடுப்பு எலும்பு முறிந்த ஒரு வயதான பௌத்தத் துறவிப் பெண்ணுக்குத் தந்தத்தில் செதுக்கிய பந்தை வைத்தார். பிறகு 300 பேருக்கு மேல் அப்படியே செய்தார். உலோகத்தை இறக்குமதி செய்வதை விட அங்கே தந்தம் சுலபமாகக் கிடைத்தது.

1946-இல் பாரிஸில் ஜூடே சகோதரர்கள் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் பந்து செய்தார்கள். வலி போய்விட்டது, ஆனால் சத்தம் வந்தது. அந்த மூட்டு வைத்துக்கொண்ட ஒருவர் சாப்பாட்டு மேஜையில் முன்னால் குனியும்போதெல்லாம் கீச்சுன்னு சத்தம் கேட்க, மனைவி எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாராம். இந்தச் சத்தம் இங்கிலாந்தில் ஒரு மருத்துவரின் காதில் விழுந்தது. அவர் பெயர் ஜான் சார்ன்லி. எல்லோரும் மனைவியை நினைத்துச் சிரித்திருப்பார்கள். சார்ன்லி உராய்வை யோசித்தார். சத்தம் வருதுன்னா உராய்வு அதிகம். உராய்வு அதிகம்னா, நடக்கிற ஒவ்வொரு அடியும் அந்த மூட்டை எலும்பிலிருந்து பிடுங்கிக்கொண்டே இருக்கு.

லங்காஷயரில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அவர் எடுத்த பொருள் டெஃப்லான். ஆமாம், நம்ம தோசைக்கல்லில் இருக்கிறதுதான். 1958-லிருந்து 1962 வரை சுமார் 300 பேருக்கு டெஃப்லான் கிண்ணம் வைத்தார். ஆபரேஷன் முடிந்தவர்கள் அசந்துபோனார்கள், வலியே இல்லை. ஒன்றிரண்டு வருஷத்தில் எக்ஸ்ரேயில் பந்து மெல்ல மெல்லக் கிண்ணத்துக்குள் புதைவது தெரிய ஆரம்பித்தது. டெஃப்லான் தேய்ந்து தூளாகி, அந்தத் தூளைச் சுற்றி உடம்பு கட்டி கட்டியாகத் திசுவை வளர்த்து, எலும்பையும் அரித்துவிட்டது. தான் வைத்த கிண்ணங்களைத் தானே ஒவ்வொன்றாகத் திறந்து எடுத்தார் சார்ன்லி.

எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த இடம் இதுதான். உடம்பில் டெஃப்லான் தூள் என்ன செய்யும் என்று பார்க்க, சார்ன்லி தன் தொடையிலேயே அதைச் செலுத்திக்கொண்டார். பக்கத்திலேயே இன்னொரு பிளாஸ்டிக்கின் தூளையும் வைத்தார். சில மாதங்களில் டெஃப்லான் இருந்த இடம் கையில் தட்டுப்படும் அளவுக்குக் கட்டியானது. மற்றது இருந்த இடமே தெரியவில்லை. 1963-இல் இதை லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்.

அந்த இன்னொரு பிளாஸ்டிக் பாலிஎத்திலீன். அது வந்து சேர்ந்த விதம் நம்ம ஈரோடு, கோயம்புத்தூர் பக்கம் நடந்த மாதிரி இருக்கும். லங்காஷயர் தறிகளின் ஊர். 1962-இல் தறிக்குப் பிளாஸ்டிக் பல்சக்கரம் விற்கும் ஒரு சேல்ஸ்மேன் மருத்துவமனைப் பட்டறைக்கு ஒரு துண்டு சாம்பிள் கொண்டுவந்தார். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் ஆகாது என்று ஒதுக்கிவிட்டு வெளியூர் போய்விட்டார். பட்டறை டெக்னீஷியன் ஹாரி கிரேவன் அதைத் தேய்மான மெஷினில் மாட்டி ராப்பகலாக ஓட விட்டார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை. அதே வருஷம் நவம்பரில் முதல் பாலிஎத்திலீன் கிண்ணம் ஒரு நோயாளிக்குப் போனது. இன்றைக்கு வரை உலகத்தில் பெரும்பாலான இடுப்பு மூட்டுகளின் வழி அதுதான். சார்ன்லிக்கு சர் பட்டம் கிடைத்தது. கிரேவன் பெயர் புத்தகங்களில் ஒரு பத்தியில் வரும். டெஸ்டிங் டீமில் வேலை பார்க்கிற நண்பர்களுக்கு இந்தப் பத்தியைச் சமர்ப்பிக்கிறேன்.

சிமென்ட் மேல் விழுந்த பழி

பாலிஎத்திலீனும் முழுசா ஜெயிக்கலை. பத்து, பதினைந்து வருஷம் கழித்து மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு காணாமல் போவது தெரிய வந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் கருப்பு ஓட்டைகள். மூட்டை எலும்பில் ஒட்ட ஒரு சிமென்ட் பயன்படுத்துவார்கள், அக்ரிலிக் வகை. ஓட்டைகளில் அந்த சிமென்ட் துகள்கள் கிடைத்ததால், "சிமென்ட் நோய்" என்று பேர் வைத்துவிட்டார்கள். அப்போ தீர்வு என்ன? சிமென்ட்டே இல்லாமல் வைப்போம். வைத்தார்கள். சிமென்ட் இல்லாத மூட்டிலும் அதே ஓட்டை.

தப்பான ரூட் காஸ். நம்ம எல்லாருக்கும் பழக்கமான விஷயம். உண்மையான குற்றவாளி கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய பாலிஎத்திலீன் தூள். உடம்பின் காவல் செல்கள் அதைக் கிருமி என்று நினைத்து விழுங்கும், ஜீரணிக்க முடியாது, ரசாயனங்களைக் கக்கும், அந்த ரசாயனம் எலும்பைக் கரைக்கிற செல்களை எழுப்பிவிடும். மூட்டு உடையவே இல்லை, அது நிற்கிற சுவர்தான் கரைகிறது. பெரியம்மாவின் அந்த "முதல் நாலு அடி வலி" இந்த மாதிரி லூஸ் ஆகிறதின் பழைய அடையாளம். எழுந்ததும் ஆடுகிற கிண்ணம், பாரம் ஏறியதும் ஒரு இடத்தில் போய் உட்காரும், வலி குறையும்.

ரிவிஷனுக்கு வேறு காரணங்களும் உண்டு. கிருமித் தொற்று, பந்து கிண்ணத்தை விட்டு நழுவுவது, விழுந்து மூட்டைச் சுற்றி எலும்பு முறிவது. இதில் தொற்றுதான் மோசம். பழையதை எடுத்துவிட்டு, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட்டைத் தற்காலிகமாக வைத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, அப்புறம்தான் புதுசு. ஒரு ரிவிஷனுக்கு இரண்டு ஆபரேஷன்.

பாலிஎத்திலீன் தூள் பிரச்சினைக்கு மூன்று பதில்கள் வந்தன. பாலிஎத்திலீனையே கதிர்வீச்சால் உறுதியாக்குவது ஒன்று. 1990-களின் கடைசியில் வந்தது, அமைதியாக வேலை செய்கிறது. அதைப் பற்றி பேச எதுவும் இல்லை, அதுதான் அதோட பெருமை. மற்ற இரண்டும்: பிளாஸ்டிக்கே வேண்டாம், பீங்கான் வைப்போம், இல்லையென்றால் உலோகத்துக்கு உலோகம் வைப்போம்.

எங்க ஊர் சரக்கு இடுப்புக்குள்ளே

1970-இல் பிரான்சின் போ நகரத்தில் பியேர் பூத்தான் என்ற மருத்துவர் அலுமினாவில் செய்த பந்தையும் கிண்ணத்தையும் வைத்தார். பைக்கின் ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாக ஒரு பாகம் இருக்குமே, அது அலுமினா. மின்சாரத்தைத் தடுக்கிற பொருள்தான் மனிதனின் இடுப்புக்குள் போனது. கடினம், வழவழப்பு, ஈரம் ஒட்டும், தேய்மானம் மிகக் குறைவு. ஒரே பயம், உடையும். பீங்கான் ஆச்சே.

உடையாத பீங்கான் வேண்டும் என்று 1980-களில் சிர்கோனியாவுக்குப் போனார்கள். இதில் ஒரு அழகான தந்திரம் இருக்கு. சிர்கோனியாவில் கொஞ்சம் இட்ரியா சேர்த்துச் சுட்டால், அதன் படிகங்கள் ஒரு இறுக்கமான வடிவத்திலேயே உறைந்து நிற்கும். விரிசல் ஒன்று ஓட ஆரம்பித்தால், அதன் முனையில் இருக்கிற படிகங்கள் சட்டென்று வேறு வடிவத்துக்கு மாறி மூன்று நான்கு சதவீதம் வீங்கும். வீங்கினதும் விரிசலின் வாய் மூடிக்கொள்ளும். ஆனால் இதே மாற்றம் ஈரத்தில், உடம்புச் சூட்டில், விரிசலே இல்லாமலும் மெதுவாக நடக்கும். சிர்கோனியாவுக்கு மூப்பு உண்டு. எவ்வளவு மெதுவாக மூப்படையும் என்பது எப்படிச் சுட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

பிரான்சின் செயின்ட் கோபேன் டெமார்க்கே என்ற நிறுவனம் இந்தச் சிர்கோனியா பந்துகளை உலகம் முழுக்க விற்றது. 1998-இல் அவர்கள் ஒரு மாற்றம் செய்தார்கள். அதுவரை பேட்ச் சூளை: அடுக்கு, மூடு, சூடேற்று, ஆற விடு, திற. அதற்குப் பதிலாக டனல் கில்ன், சரக்கு மெதுவாக நகர்ந்துகொண்டே சுடப்பட்டு மறுபக்கம் வரும். மண் அதே, அச்சு அதே, டிராயிங் அதே. உற்பத்தி கூடியது. ஒன்றிரண்டு வருஷத்தில் சில பேட்ச்களில் பந்துகள் நோயாளிகளின் உடம்புக்குள்ளேயே உடைய ஆரம்பித்தன. 2001 ஆகஸ்டில் திரும்பப் பெற்றார்கள். சுமார் 400 பந்துகள் உடைந்ததாக ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். சுடும் முறை மாறியதில் பந்தின் நுண்ணமைப்பு மாறி, மூப்பு வேகமெடுத்திருக்கிறது.

இதைப் பெரியம்மாகிட்ட சொன்னேன். "கில்னை மாத்தினா சரக்கு மாறத்தான்டா செய்யும் தம்பி. கனமான பொம்மையும் மெல்லிசு பொம்மையும் ஒரே மாதிரி ஆறுமா? இதுக்கு பிரான்ஸ் வரைக்கும் போகணுமா?" என்றார்.

உடைந்த பீங்கானுக்கு ரிவிஷன் செய்வது தனிக் கொடுமை. சில்லுகள் தசைக்குள் பரவிக் கிடக்கும், எல்லாவற்றையும் எடுக்க முடியாது. அந்த இடத்தில் உலோகப் பந்து வைத்தால் மிச்சமிருக்கும் சில்லுகள் அரம் மாதிரி அதை ராவும். ஜெர்மனியின் மார்பூர்க் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு 2012-இல் 55 வயது மனிதர் ஒருவர் வந்தார். இதயம் பலவீனம், கண் பார்வை போய்க்கொண்டிருந்தது, காது கேட்கவில்லை, காரணம் தெரியாத காய்ச்சல். பேராசிரியர் யூர்கன் ஷேஃபருக்கு டாக்டர் ஹவுஸ் டிவி தொடரின் ஒரு எபிசோடு ஞாபகம் வந்தது. மாணவர்களுக்குப் பாடம் நடத்த அந்தத் தொடரைப் பயன்படுத்துகிறவர் அவர். விசாரித்தால், அந்த மனிதரின் பீங்கான் மூட்டு உடைந்து, 2010-இல் உலோகப் பந்து வைத்திருந்தார்கள். சில்லுகள் ராவி ராவி ரத்தம் முழுக்க கோபால்ட். மறுபடி பீங்கானுக்கே மாற்றியதும் இதயம் கொஞ்சம் தேறியது. 2014-இல் லான்செட்டில் வந்த கேஸ் இது. முதல் மூட்டு எதனால் ஆனது என்பது இரண்டாவது ஆபரேஷனுக்கு ஏன் முக்கியம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஏஎஸ்ஆர்

மூன்றாவது பதில், உலோகத்துக்கு உலோகம். கோபால்ட், குரோமியம் கலவை. இது புதுசே இல்லை, 1950, 60-களில் இங்கிலாந்தில் மெக்கீ செய்து பார்த்து, சார்ன்லியின் பாலிஎத்திலீன் வந்ததும் ஓரங்கட்டப்பட்டது. 1997-இல் பர்மிங்காமில் டெரெக் மெக்மின் அதை நல்ல வடிவத்தில் திரும்பக் கொண்டுவந்தார். இளம் வயதுக்காரர்கள், விளையாட்டு வீரர்கள், பெரிய பந்து, சீக்கிரம் நழுவாது. சந்தை பெரிதானது. ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ நிறுவனமும் போட்டிக்கு இறங்கியது. 2003-இல் ஐரோப்பாவில் வந்த அவர்களின் தயாரிப்புதான் ஏஎஸ்ஆர்.

அதன் கிண்ணம் மற்றவர்களுடையதைவிட ஆழம் குறைவு. அசைவு அதிகம் கிடைக்கும் என்பது கணக்கு. ஆனால் கிண்ணத்தைச் சற்றே சாய்வாக வைத்துவிட்டாலும், பந்து நடுவில் உட்காராமல் விளிம்பில் உரசும். உலோகம் தூளாகி, கோபால்டும் குரோமியமும் ரத்தத்தில் ஏறும். மூட்டைச் சுற்றித் தசை செத்துப் போகும், புற்று அல்லாத கட்டிகள் வரும்.

அமெரிக்காவில் இது எப்படி அனுமதி வாங்கியது என்பதைக் கேளுங்க. ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒன்றுக்கு இது "கணிசமாகச் சமம்" என்று காட்டினால் போதும், மனிதர்களில் தனியாகச் சோதனை வேண்டாம். அந்த முந்தையது அதற்கு முந்தையதற்குச் சமம் என்று அனுமதி வாங்கியிருக்கும். 2013-இல் சில ஆய்வாளர்கள் ஏஎஸ்ஆரின் இந்த வம்சாவளியைத் தேடினார்கள். ஐம்பது வருஷத்துக்கு மேல், 95 கருவிகள் வழியாக அது நீண்டது. கைவிடப்பட்ட பழைய உலோக மூட்டுகளும் அந்தச் சங்கிலியில் இருந்தன. ஒரு லைப்ரரி இன்னொன்றை நம்பி, அது இன்னொன்றை நம்பி, அடியில் யாரோ எப்போதோ நிறுத்திவிட்ட ஒரு பேக்கேஜ்.

முதலில் மணி அடித்தது ஆஸ்திரேலியா. அங்கே 1999-லிருந்து ஒரு தேசிய மூட்டுப் பதிவேடு இருக்கு. யாருக்கு, எந்த மாடல், எந்தத் தேதி; அப்புறம் எப்போ ரிவிஷன். எண்ணுவது அவ்வளவுதான். ஸ்வீடன் 1970-களிலேயே ஆரம்பித்துவிட்டது. 2007-இலேயே ஏஎஸ்ஆர் மற்றவற்றைவிட அதிகமாக ரிவிஷனுக்கு வருகிறது என்று ஆஸ்திரேலியப் பதிவேடு காட்டியது. 2009 கடைசியில் அங்கே விலக்கிக்கொண்டார்கள். 2010 ஆகஸ்டில்தான் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அப்போது இங்கிலாந்துப் பதிவேட்டின் கணக்கு: ஐந்து வருஷத்துக்குள் 12 முதல் 13 சதவீதம் பேருக்கு ரிவிஷன். கிட்டத்தட்ட எட்டில் ஒருவர். அதுவரை உலகம் முழுக்க சுமார் 93,000 பேருக்கு வைத்தாகிவிட்டது. 2011-இல் கம்பெனி தனக்குள் போட்ட கணக்கில் ஐந்து வருஷத் தோல்வி ஏறத்தாழ 40 சதவீதம் என்று இருந்தது, 2013-இல் வழக்கு விசாரணையில் வெளியே வந்தது. அந்த வருஷம் நவம்பரில் அமெரிக்காவில் ரிவிஷன் செய்துகொண்ட சுமார் 8,000 பேருக்கு 250 கோடி டாலர் சமரசம்.

இந்தியாவில்?

எலும்பு இம்ப்ளான்ட்டுகள் மருந்துச் சட்டத்துக்குள் வந்ததே 2005 அக்டோபரில். 2006-லிருந்து ஏஎஸ்ஆர் உரிமத்தோடு இறக்குமதியானது. சுமார் 4,700 பேருக்கு வைத்தார்கள். 2010-இல் திரும்பப் பெற்றபோது ஒரு ஹெல்ப்லைன் திறந்தார்கள். மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகம் 2011-இல் மும்பையில் போலீஸ் வழக்குப் போட்டது. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இறக்குமதி உரிமத்தை 2012-இல் ரத்து செய்தது. மருத்துவர்களுக்கும் பொதுமக்களுக்கும் எச்சரிக்கை வந்தது 2013 டிசம்பரில். திரும்பப் பெற்று மூணேகால் வருஷம் கழிச்சு. இதைப் படிச்சப்போ தேதியை இரண்டு தடவை சரி பார்த்தேன்.

2017-இல் அருண் அகர்வால் தலைமையில் மத்திய அரசு ஒரு நிபுணர் குழு அமைத்தது. 2018-இல் குழு அறிக்கை கொடுத்தது: குறைந்தது 20 லட்சம் ரூபாய் இழப்பீடு, 2025 ஆகஸ்டு வரை ரிவிஷன் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும். அடுத்த குழு ஆர்.கே. ஆர்யா தலைமையில் ஒரு சூத்திரம் கொடுத்தது: வயதையும் பாதிப்பின் அளவையும் வைத்து 30 லட்சத்திலிருந்து 1.23 கோடி வரை. கம்பெனி டெல்லி உயர்நீதிமன்றம் போனது. 2019 மே மாதம், ரிவிஷன் செய்துகொண்ட 67 பேருக்குத் தலா 25 லட்சம் கொடுப்பதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

67 பேர். 4,700-இல். மீதிப் பேருக்கு எல்லாம் ஒன்றும் ஆகலை என்று அர்த்தமா? தெரியாது என்றுதான் அர்த்தம். சுமார் 3,600 பேர் யார், எங்கே இருக்காங்க என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு கேள்வி போட்டால் பதில் வருகிற டேட்டாபேஸ் இருந்தது. இங்கே இடுப்பு, முழங்கால் மருத்துவர் சங்கத்தின் பதிவேடு ஒன்று 2000-களில் ஆரம்பித்திருந்தாலும், விருப்பமுள்ள மருத்துவர்கள் அனுப்பினால் உண்டு. சட்டப்படி கட்டாயம் இல்லை. மருத்துவக் கருவிகளின் பாதிப்பைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் 2015 ஜூலையில்தான் வந்தது, தனி விதிகள் 2018 ஜனவரியில்.

இந்தக் கதையைச் சொல்லும்போது கம்பெனியை மட்டும் வில்லனாக்குவது எனக்குச் சுலபம். ஆனால் மூட்டுக்கு மாடல் நம்பர் இருந்தது, சீரியல் நம்பர் இருந்தது, பெட்டியில் ஸ்டிக்கர் இருந்தது. ஆபரேஷன் தியேட்டரில் யாரோ அதைப் பிரித்து எங்கோ ஒட்டினார்கள். அந்தத் தாளை நோயாளியின் கையில் கொடுக்காதது அமெரிக்கக் கம்பெனி இல்லை.

இன்னொன்று, பயந்துவிடாதீங்க. ஏஎஸ்ஆரை வைத்து மூட்டு மாற்றே ஆபத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019-இல் லான்செட்டில் வந்த ஆய்வில், 25 வருஷம் கழித்தும் இடுப்பு மூட்டுகளில் 58 சதவீதமும், முழங்கால் மூட்டுகளில் 82 சதவீதமும் முதலில் வைத்தது அப்படியே இருந்தது. பார்த்தீங்கன்னா அந்த எண்களும் ஆஸ்திரேலியா, பின்லாந்து பதிவேடுகளிலிருந்துதான். நம்ம ஊர் மூட்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இந்தியன் டாய்லெட்டில் குந்தி எழுகிற மூட்டு, எத்தனை வருஷம் வரும் என்பதற்கு அவங்க கணக்கைத்தான் கடன் வாங்கிச் சொல்றோம்.

பெரியம்மாவின் ஸ்டிக்கர்

திரும்ப பீரோவுக்கு வர்றேன். டாக்டருக்கு ஏன் மாடல் தெரியணும்? பெரியம்மாவுக்குக் கிண்ணம்தான் ஆடுது. தொடை எலும்புக்குள் இறங்கியிருக்கிற தண்டு கெட்டியாக இருக்கு. தண்டை விட்டுவிட்டுக் கிண்ணத்தையும் பந்தையும் மட்டும் மாற்றலாம். ஆனால் தண்டின் முனை கூம்பு மாதிரி இருக்கும், அதன் சாய்வும் அளவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புதுப் பந்தின் துளை அதில் மயிரிழை பிசகாமல் உட்காரணும். பழைய கூம்பில் பீங்கான் பந்து வைப்பதானால் நடுவில் ஒரு டைட்டானியம் உறை வேறு போடணும். எந்தக் கூம்பு என்று தெரியாவிட்டால் நல்லா இருக்கிற தண்டையும் எடுக்க வேண்டி வரலாம். அதுக்குத் தொடை எலும்பையே நீளவாக்கில் பிளக்கணும். எழுபது வயசில்.

பழைய மருத்துவமனைக்குப் போன் பண்ணோம். ரெக்கார்ட்ஸ் அறையில் அவ்வளவு பழைய ஃபைல் இல்லை என்றார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். எக்ஸ்ரேயைப் பார்த்து மூன்று கம்பெனிப் பெயர்களைச் சொல்லி, இதில் ஒன்றாக இருக்கலாம் என்றார் இன்னொருவர்.

கடைசியில் அண்ணன்தான் ஞாபகப்படுத்தினான். அப்போ அவன் ஆபீஸ் இன்சூரன்ஸில்தான் பெரியம்மாவுக்குப் பணம் கட்டினது. இன்சூரன்ஸ்காரங்க இம்ப்ளான்ட் பில்லும் ஸ்டிக்கரும் இல்லாமல் பணம் தர மாட்டாங்க. அவனோட பழைய ஈமெயிலில் தேடினோம். கிளெய்ம் பேப்பர்களை ஸ்கேன் பண்ணி அனுப்பின ஒரு பிடிஎஃப், 34 பக்கம். 29-ஆம் பக்கத்தில், கொஞ்சம் கோணலாக, நாலு ஸ்டிக்கர். கிண்ணம், உள் லைனர், பந்து, தண்டு. ஒவ்வொன்றிலும் மாடல், அளவு, லாட் நம்பர். உடம்பைச் சுமக்கிறவங்ககிட்ட இல்லாதது, பில்லைச் சுமக்கிறவங்ககிட்ட இருந்தது.

பந்து அலுமினா கலந்த பீங்கான். பெரியம்மாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு லாட் நம்பரை ரொம்ப நேரம் பார்த்தாங்க. "பேட்ச் நம்பர் எல்லாம் ஒழுங்காத்தான் போட்டிருக்கான்" என்றார்கள்.

ஆபரேஷன் அடுத்த மாசம். ஸ்டிக்கர் பக்கத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அந்த லேமினேட் சம்மரியின் பின்னாலேயே ஒட்டி வெச்சிருக்கோம். உங்க வீட்டில் யாருக்காவது மூட்டு மாற்றியிருந்தால் இந்த வாரம் ஃபைலைத் திறந்து பாருங்க. ஸ்டிக்கர் இல்லையென்றால், மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் இம்ப்ளான்ட் பதிவேட்டின் நகல் கேளுங்க. அங்கேயும் இல்லையென்றால் இன்சூரன்ஸ் கிளெய்ம் ஃபைல், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்தவர்களும் சேர்த்துத்தான். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.